இந்தக் கட்டம் யாருடையது?

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் தாத்தா கர்ணமாக, அதாவது ஊரின் நிலக் கணக்கும் வரிக் கணக்கும் எழுதுபவராக இருந்தவர். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு சின்ன கிராமம். வீட்டு நடையில் ஒரு மரப்பெட்டி இருக்கும். பெட்டிக்குப் பூட்டு, பூட்டுக்குச் சாவி, சாவி தாத்தாவின் இடுப்பில். ஊரில் யாருக்கு எத்தனை ஏக்கர், எந்தக் காட்டில் என்ன வெள்ளாமை, யார் வரி கட்டினார், யார் பாக்கி, எல்லாம் அந்தப் பெட்டிக்குள். ஊரே அதைக் 'கர்ணம் வீட்டுக் கணக்கு' என்றுதான் சொல்லும். சர்க்கார் கணக்கு என்று யாரும் சொன்னதாக அம்மாவுக்கு நினைவில்லை.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்து பகுதிநேரக் கிராம அதிகாரிப் பதவிகளை ஒழித்தது. கர்ணம், மணியக்காரர் எல்லாருக்கும் வேலை போனது. வழக்குப் போட்டார்கள். 1982-ல் உச்ச நீதிமன்றம் அரசு செய்தது செல்லும் என்று சொல்லிவிட்டது. அவர்கள் இடத்துக்கு முழுநேர கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள், நாம் வி.ஏ.ஓ. என்கிறோமே, அவர்கள். தாத்தா பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கணக்காக எடுத்துக் கொடுத்துவிட்டு, பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொண்டாராம். அன்று ராத்திரி சாப்பிடவில்லை என்பார் அம்மா. வேலை போனதற்கா, கணக்கு போனதற்கா என்று கேட்டால் அம்மாவுக்கும் சொல்லத் தெரியாது.

நான் கம்ப்யூட்டர் பக்கம் வந்தவள். கோவையில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் பல வருஷம் தரவுப் பிரிவில் இருந்தேன். கம்பெனிப் பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகும் கதை நீங்கள் வேலை பார்க்கும் இடத்துக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். ஒரு நிறுவனம் சேர்த்து வைத்திருக்கும் தரவை எப்படி ஒழுங்குபடுத்துவது, அதற்கு யாரைப் பொறுப்பாக்குவது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அந்த மரப்பெட்டியில் தொடங்காமல் இதைப் பேச வராது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புதிதாக வந்த மேலாளர் ஒரு கூட்டத்தில் சாதாரணமாகக் கேட்டார்: "நமக்கு மொத்தம் எத்தனை வாடிக்கையாளர்கள்?" விற்பனைத் துறை ஓர் எண்ணைச் சொன்னது. கணக்குத் துறை சொன்ன எண் அதைப்போல ஒன்றரை மடங்கு. சர்வீஸ் துறையின் எண்ணைக் கேட்டதும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள், அவ்வளவு பெரியது. ஒவ்வொரு துறைக்காரரும் மற்ற இரண்டு பேரைப் பாவமாகப் பார்த்தார். மேலாளர் எங்கள் பக்கம் திரும்பி, "கம்ப்யூட்டர் உங்களிடம்தானே இருக்கிறது, சரியான எண் எது?" என்றார்.

இரண்டு வாரம் உட்கார்ந்து பார்த்தோம். மூன்று எண்ணுமே சரி. விற்பனைத் துறைக்கு வாடிக்கையாளர் என்றால் இந்த வருஷம் சரக்கு எடுத்த டீலர். கணக்குத் துறைக்கு, பேரேட்டில் பெயர் இருக்கும் எல்லாரும்; பத்து வருஷத்துக்கு முன்னால் கடையை மூடிவிட்டு ஆயிரத்துச் சொச்சம் பாக்கி வைத்துப் போனவர் உட்பட. சர்வீஸ் துறைக்கு, தோட்டத்தில் நம் பம்ப்பை ஓட்டிக்கொண்டிருக்கும் விவசாயி. மூன்று வேறு வேறு ஆட்களுக்கு ஒரே பெயர் வைத்துவிட்டு, எண்ணிக்கை ஏன் ஒத்துவரவில்லை என்று பல வருஷமாகச் சண்டை போட்டிருக்கிறோம்.

அதனால் முதலில் பெயரைப் பிரித்தோம்: டீலர், கணக்குதாரர், பம்ப் உரிமையாளர். 'வாடிக்கையாளர்' என்ற சொல்லை அறிக்கைகளில் தடை செய்தோம். கேட்டால் சின்ன வேலை மாதிரி இருக்கும். ஒரு மாதமும் ஏழெட்டுக் கூட்டமும் ஆயிற்று. மென்பொருள் வாங்கியிருந்தால் இதைவிடச் சீக்கிரம் முடிந்திருக்கும், பிரச்சினை அப்படியே இருந்திருக்கும்.

அடுத்தது டீலர் பட்டியல். இங்கே தமிழ்ப் பெயர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வெளிநாட்டுக்காரர் எழுதிய மென்பொருளில் 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு கட்டம் இருக்கும். நமக்கு ஏது கடைசிப் பெயர்? ஆர். முருகேசன் என்பவரை ஒரு குமாஸ்தா முதல் பெயர் முருகேசன், கடைசிப் பெயர் ஆர் என்று போடுவார். இன்னொருவர் அப்பா பெயரை விரித்து இராமசாமி முருகேசன் என்று எழுதுவார். மூன்றாமவருக்கு முதல் பெயரே ஆர். புள்ளி உண்டா இல்லையா என்பது அவர் அன்றைக்கு இருந்த மனநிலையைப் பொறுத்தது. போதாக்குறைக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆளுக்கொரு விதம். முகவரியில் பழைய எண், புதிய எண், 'பிள்ளையார் கோயில் எதிரில்'. ஒரே மனிதர் எங்கள் பட்டியலில் நான்கு பேராக இருந்தார். நான்கு பேருக்கும் தனித்தனிக் கடன் வரம்பு. மனிதருக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

நிலத்துக்குச் சர்வே எண் மாதிரி ஆளுக்கு ஏதாவது ஓர் எண் வேண்டும். ஜி.எஸ்.டி. வந்த பிறகு ஓரளவு வசதி. 2017 ஜூலைக்குப் பிறகு பதிவு செய்த ஒவ்வொரு வியாபாரிக்கும் 15 இடம் கொண்ட ஓர் எண் உண்டு. முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து இடம் அவருடைய பான் எண். பான் ஒன்றாக இருந்தால் ஆள் ஒன்று. நான்கு முருகேசன்களும் அப்படித்தான் ஒருவரானார்கள். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சின்னக் கடைகளை ஆள் வைத்துப் போன் பண்ணித்தான் சரி பார்த்தோம்.

ஆனால் சுத்தம் செய்த பட்டியல் ஆறு மாதத்தில் மறுபடியும் அழுக்காயிற்று. வீட்டைக் கூட்டிப் பெருக்கிவிட்டுக் கதவைத் திறந்து போட்டால் என்ன ஆகும், அதுதான் ஆனது. அப்போதுதான், எந்தக் கட்டத்துக்கு யார் பொறுப்பு என்று எழுதி வைக்காமல் இது நடக்காது என்று புரிந்தது.

பெரிய தாளில் டீலர் பதிவேட்டின் எல்லாக் கட்டங்களையும் எழுதிச் சுவரில் ஒட்டினோம். ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு கேள்வி: இது எங்கே பிறக்கிறது, யார் பதிகிறார், யார் பயன்படுத்துகிறார், தப்பானால் யார் பதில் சொல்வார்? கடைசிக் கேள்விக்கு ஒரே ஒரு பெயர்தான் எழுதலாம் என்பது விதி. 'விற்பனையும் கணக்கும் சேர்ந்து' என்று எழுதினால் அடித்துவிடுவோம். ஆள் கூடினால் பாம்பு சாகாது என்பார்களே, தரவு விஷயத்தில் அது அப்படியே உண்மை.

அன்று ஒரு வேடிக்கை. கடன் வரம்பு என்ற கட்டத்துக்கு மூன்று துறையும் போட்டி போட்டன. போன் நம்பர் கட்டத்தை எல்லாரும் வேண்டாம் என்றார்கள். கடன் வரம்பில் அதிகாரம் இருக்கிறது, போன் நம்பரில் வேலை மட்டும்தான் இருக்கிறது. ஆனால் பணம் வசூலிக்க, லாரி அனுப்ப, புகார் கேட்க எல்லாருக்கும் வேண்டியது அந்தப் போன் நம்பர்தான்.

போன் நம்பர் கட்டத்தைத் திறந்து பார்த்தோம். வரிசையாகப் பத்து ஒன்பது. எங்கள் மென்பொருளில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் போக விடாது. டெலிவரிக்கு லாரி நிற்கிறது, டீலரின் நம்பர் கையில் இல்லை, குமாஸ்தா என்ன செய்வார்? ஒன்பதைப் பத்துத் தடவை அழுத்துவார். பின்கோடு தெரியாவிட்டால் 641001, அது கோவைத் தலைமைத் தபால் நிலையம். பிறந்த தேதி தெரியாவிட்டால் ஜனவரி 1. கட்டாயம் என்று நாங்கள் வைத்த நட்சத்திரக் குறிதான் அவரைப் பொய் எழுத வைத்தது. அந்த நட்சத்திரத்தை வைத்தது யார் என்று தேடினால் எங்கள் பிரிவேதான். எங்களுக்கும் அந்த நம்பருக்கும் என்ன சம்பந்தம்? நாங்கள் டீலரைப் பார்த்தது கூடக் கிடையாது.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். பல இடங்களில் தரவுக்குச் சொந்தக்காரர் யார் என்றால் ஐ.டி. துறை என்று கை காட்டுவார்கள். சர்வர் அவர்களிடம், பாஸ்வேர்டு அவர்களிடம். ஆனால் லாக்கர் வைத்திருக்கும் வங்கிக்கு உள்ளே இருப்பது தங்கமா கவரிங்கா என்று தெரியுமா? பூட்டும் காவலும் ஐ.டி. துறையின் வேலை. டீலர் கடையை மாற்றினால் முதலில் தெரிவது அந்த ஏரியா விற்பனைக்காரருக்கு. ஆகவே முகவரிக்கும் போன் நம்பருக்கும் பதில் சொல்ல வேண்டியவர் விற்பனைத் துறையில் இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. எண்ணும் கடன் வரம்பும் கணக்குத் துறைக்கு. பம்ப்பின் வரிசை எண், அது எந்தத் தோட்டத்தில் ஓடுகிறது என்பது சர்வீசுக்கு. மற்றவர்கள் பார்க்கலாம், பயன்படுத்தலாம். தப்பு என்று பட்டால் சொல்லலாம். கை வைக்கக்கூடாது.

இந்த ஏற்பாட்டை நாங்கள் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தபோது எனக்குத் தாத்தாவின் பெட்டி நினைவுக்கு வந்தது. கிராமக் கணக்கில் இதெல்லாம் எப்போதிருந்தோ இருக்கிறது. 'அ' பதிவேடு சர்வே எண் வரிசையில் இருக்கும்: இந்த நிலம் யாருடையது என்று அதில் பார்க்கலாம். சிட்டா ஆள் வரிசையில் இருக்கும்: இவருக்கு எங்கெல்லாம் நிலம் என்று அதில் பார்க்கலாம். அடங்கலில் அந்த வருஷத்து வெள்ளாமை. வி.ஏ.ஓ. இவற்றைப் பராமரிப்பார், ஆனால் பட்டா மாறுதலுக்கு அவராக உத்தரவு போட முடியாது, அதற்கு மேலே தாசில்தார் அலுவலகம் இருக்கிறது. பராமரிப்பவர் வேறு, மாற்ற அதிகாரம் உள்ளவர் வேறு. நாங்கள் இங்கிலீஷில் பெரிய பெரிய பெயர் வைத்துச் செய்தது இதைத்தான்.

வருஷத்துக்கு ஒரு தடவை ஜமாபந்தி. பசலி என்ற வருவாய்க் கணக்கு ஆண்டு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். அதை ஒட்டித் தாலுகா அலுவலகத்தில் மேலதிகாரி உட்கார்ந்து கிராமம் கிராமமாகக் கணக்கைப் பார்ப்பார். மக்கள் மனு கொடுப்பார்கள். வி.ஏ.ஓ. மாற்றலாகிப் போனால் பட்டியல் போட்டு அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். கணக்கு பதவியோடு இருக்கும், ஆளோடு போகாது. தாத்தா காலத்து முறையில் இல்லாமல் போனது இதுதான். அந்தக் கணக்கு அவரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அவர் யோக்கியமானவர்தான், ஆனால் பக்கத்து ஊர்க் கர்ணத்தைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

இன்றைய ஆபீஸ்களில் மரப்பெட்டி இல்லை என்று நினைக்காதீர்கள். ஒருவருடைய லேப்டாப்பில் 'ஸ்டாக் பைனல்', 'ஸ்டாக் பைனல் புதுசு', 'ஸ்டாக் பைனல் புதுசு 2' என்று எக்செல் கோப்புகள் இருக்குமே, அதுதான் பெட்டி. அவர் ராஜினாமா செய்யும் நாளில்தான் மூன்றில் எது உண்மை என்று யாருக்கும் தெரியாது என்பது தெரியவரும். எங்கள் கம்பெனியில் ஒருவர் ஓய்வு பெற்ற பிறகும் எட்டு மாதம் அவருக்குப் போன் பண்ணிக் கேட்டுக்கொண்டிருந்தோம். பேரன் பள்ளி விடும் நேரத்தில் மட்டும் கூப்பிடாதீர்கள் என்றார், அவ்வளவுதான் அவர் போட்ட நிபந்தனை.

கிராமக் கணக்கிலும் ஓட்டை உண்டு, புகழ்ந்துகொண்டே போகவில்லை. நிலத்தை விற்றால் பத்திரம் பதிவாவது சார்பதிவாளர் அலுவலகத்தில். அது பதிவுத் துறை. பட்டா இருப்பது வருவாய்த் துறையில். பத்திரம் பேரன் பேரில் இருக்கும், பட்டா இன்னும் தாத்தா பேரில் இருக்கும். இந்த வீட்டுக் கதை தெரியாத நேயர் இருக்க மாட்டார். ஒரே நிலம், இரண்டு துறை, இரண்டு பதிவேடு, நடுவில் நீங்கள் காகிதத்தோடு நடக்கிறீர்கள். இப்போது பதிவு முடிந்ததும் பட்டா மாறுதல் விண்ணப்பம் இணைய வழியில் தானாகவே போகும்படி செய்திருக்கிறார்கள். இரண்டு துறைக்கும் தனித்தனிச் சொந்தக்காரர் இருந்தாலும், நடுவில் இருக்கும் பாலத்துக்குச் சொந்தக்காரர் இல்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இல்லை, இன்னொன்றும் இருக்கிறது. 2020-ல் கொரோனா சமயத்தில் இங்கிலாந்தில் நடந்தது. பரிசோதனை முடிவுகளை ஆய்வகங்கள் கோப்பாக அனுப்பின. அதைச் சேர்த்துத் தேசியக் கணக்கில் ஏற்றும் வழியில் பழைய வகை எக்செல் கோப்பு ஒன்றைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்த வகையில் 65,536 வரிசைக்கு மேல் கொள்ளாது. மிச்சம் சத்தமில்லாமல் விழுந்துவிட்டது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பேர் கணக்கில் வரவில்லை. அந்த 15,841 பேருக்கும் தங்கள் முடிவு தெரிந்துவிட்டது, ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலை பல நாள் தாமதமாயிற்று. ஆய்வகம் தன் வேலையைச் செய்தது. தேடும் குழு தன் வேலையைச் செய்தது. அனுப்பியது எத்தனை, வந்து சேர்ந்தது எத்தனை என்று நடுவில் எண்ணிப் பார்க்கும் வேலைதான் விட்டுப்போயிற்று. எங்கள் கம்பெனியில் அதன் பிறகு, ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குக் கோப்பு போனால் கடைசி வரியில் மொத்த எண்ணிக்கை எழுத வேண்டும் என்று வைத்தோம். லாரி சீட்டில் மூட்டைக் கணக்குப் போடுவது மாதிரி.

சொந்தக்காரர் என்ற சொல்லில் ஒரு சிக்கல் உண்டு. பம்ப் உரிமையாளரின் போன் நம்பர் கம்பெனியின் சொத்தா? வாரண்டிக்காகக் கொடுத்ததை விளம்பரம் அனுப்பப் பயன்படுத்தலாமா? 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாதம் அவகாசம். போதிய பாதுகாப்புச் செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம். எனக்குப் பிடித்தது அபராதம் அல்ல, சட்டம் நிறுவனத்துக்கு வைத்திருக்கும் பெயர். உரிமையாளர் என்று சொல்லவில்லை, 'டேட்டா ஃபிடூஷியரி' என்கிறது, அதாவது நம்பி ஒப்படைத்த தரவைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்பவர். இதற்கு நம்மிடம் பழைய சொல் இருக்கிறது: தர்மகர்த்தா. கோயில் நகையைத் தர்மகர்த்தா எடை பார்த்துப் பதிவேட்டில் எழுதிப் பூட்டி வைக்கலாம், திருவிழாவுக்கு எடுத்துச் சாத்தலாம். தன் மகள் கல்யாணத்துக்கு எடுக்க முடியாது.

அந்தச் சட்டத்தின்படி, கொடுத்த நோக்கம் முடிந்துவிட்டால் தரவை அழித்துவிட வேண்டும், வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னால் தவிர. ஜி.எஸ்.டி. சட்டமோ கணக்குகளை ஆண்டு அறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சொல்கிறது. எதை அழிப்பது, எதை வைப்பது? அழிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட ஆள் வேண்டும். சேர்ப்பதற்கு எல்லாரும் முன்வருவார்கள். அழிக்கும் உத்தரவில் கையெழுத்துப் போடச் சொன்னால் பேனாவைத் தேடுவார்கள். எங்கள் கிடங்கில் இருபது வருஷத்து வாரண்டி அட்டைகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. கரையான் வந்துதான் சட்டத்தை நிறைவேற்றியது.

கடைசியாக ஒரு கட்டத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். சுவரில் ஒட்டிய அந்தத் தாளில் எல்லாக் கட்டத்துக்கும் பெயர் எழுதிவிட்டோம், ஒன்றைத் தவிர. 'குறிப்பு' என்று ஒரு கட்டம். அதில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம். 'மாலை ஆறுக்கு மேல் போன் செய்யவும்' என்பதிலிருந்து 'மனைவிக்கு உடம்பு சரியில்லை, பணம் கேட்க வேண்டாம்' வரை. ஒருநாள் ஒரு டீலர் எங்கள் ஆபீசுக்கு வந்து விற்பனைப் பிரிவில் உட்கார்ந்திருந்தபோது, திரையில் தன் பெயருக்கு எதிரே 'ஆள் சரியில்லை' என்று இருந்ததைப் படித்துவிட்டார். யார் எழுதியது என்று கேட்டார். எங்களுக்கே தெரியவில்லை. இருபது வருஷமாகச் சரக்கு எடுத்தவர், அன்றோடு நின்றுவிட்டார்.

அந்தக் கட்டத்தையே எடுத்துவிடுவது என்று முடிவு செய்து, எடுத்தும் விட்டோம். ஒரு மாதம் நிம்மதியாகப் போயிற்று. அப்புறம் ஒருநாள் முகவரி லேபிள் அச்சடிக்கும் பையன் ஓடி வந்தான். டீலர்களுக்குப் போகும் பார்சல்களில் முகவரியின் மூன்றாவது வரியில் 'காசோலை வாங்காதே' என்று அச்சாகியிருக்கிறது என்றான்.

நன்றி, வணக்கம்.